எக்கோ பலகை

எதிரில் நிற்பவர் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதியை நானே சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். "தனகோடி வாய மூடுனாத்தான் இந்த வூட்டுல மத்தவங்களுக்கு வாய் தொறக்கும்" என்பாள் அம்மா. அப்படிப்பட்ட என்னிடம்தான் பரமசிவம் வந்து சேர்ந்தார்.

எண்பத்தைந்தாம் வருஷம். ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு, நெய்வேலி மெயின் பஜாரில் சடையப்பன் அண்ணனின் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளை கையில் சால்டரிங் அயர்னைப் பார்த்ததும் பாதிப் பேர் டேப் ரெக்கார்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். சாமானைக் கையிலிருந்து வாங்கி, மூடியைக் கழற்றி வைத்த பிறகுதான் பேச்சையே ஆரம்பிப்பேன். கழற்றிப் போட்டதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா.

ஒருநாள் மத்தியானம், ஒயர்க் கூடையோடு நெடுநெடுவென்று ஒருவர் வந்தார். கூடைக்குள் உள்ளங்கை அகலத்தில் நான்கு இரும்புப் பெட்டிகள். மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "இ... இ... இ..." என்றார்.

"இது ரிப்பேரா?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இதுக்கு ஒயர் போடணுமா? இல்ல, இத விக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பழகிப்போன அலுப்புதான் இருந்தது. மேஜையில் கிடந்த பழைய பேப்பரை இழுத்து, பென்சிலால் நீளமாக ஒரு பலகை வரைந்தார். அதற்குள் நான்கு கட்டங்கள் போட்டார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

விஷயம் இதுதான். பரமசிவம் மைன்ஸில் கன்வேயர் செக்‌ஷன், பெர்மனன்ட். ஷிஃப்ட் போக மீதி நேரத்தில் டவுன்ஷிப்பில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறவர். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இந்தப் பெட்டிகள் தரையில் கிடக்கும். காலால் அழுத்தினால் சத்தம் மாறும். ஒன்று சத்தத்தைக் கரகரக்க வைக்கும். ஒன்று அழவைக்கும். மற்ற இரண்டும் எக்கோ பெட்டிகள், சிங்கப்பூரிலிருந்து அவருடைய அத்தை மகன் கொண்டுவந்தவை. நாம் ஒரு சுரத்தை வாசித்தால், இவை அதைக் கொஞ்சம் பிந்தி நமக்கே திருப்பிக் கொடுக்கும். சேத்தியாத்தோப்பு கோயில் திருவிழாவில், பாட்டு நடுவில் பாடகியின் புடவை ஒயரில் மாட்டி எல்லாம் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. இனிமேல் நான்கும் ஒரே பலகையில் அசையாமல் உட்கார வேண்டும். இவ்வளவையும் சொன்னது அவரில்லை, சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்த அவர் குழுவின் தபேலாக்காரர்.

பேக்கிங் பெட்டிப் பலகை ஒன்றை அறுத்து எடுத்தேன். பழைய இரும்புக் கடையில் வாங்கிய கன்வேயர் பெல்ட் துண்டை அதன்மேல் ஒட்டினேன். நிலக்கரியைச் சுமந்த ரப்பர், பெட்டியை வைத்தால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அலுமினியப் பட்டையை வளைத்து, பெட்டிக்கு இரண்டாக ஸ்குரூ போட்டு இறுக்கினேன். சாண் நீளத்துக்கு ஒயர் வெட்டி இரண்டு முனையிலும் பின் வைத்து சால்டர் பண்ணினேன். பேட்டரிக்குப் பதிலாகக் கரண்ட் கொடுக்கும் நம் ஊர் எலிமினேட்டரில் பின்னின் நடுவில் பிளஸ். இந்த ஜப்பான் பெட்டிகளுக்கு நடுவில் மைனஸ். சொருகுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்ததால் பிழைத்தோம், இல்லாவிட்டால் நான்கும் புகைந்திருக்கும்.

வரிசையில்தான் நான் தப்புப் பண்ணினேன். பெரிய பெட்டிகளாயிற்றே என்று எக்கோ இரண்டையும் முதலில் வைத்திருந்தேன். பரமசிவம் வந்து பார்த்துவிட்டு, கரகரப்பை முன்னால் காட்டினார், எக்கோவைக் கடைசியில் காட்டினார். எல்லாம் ஆன பிறகுதான் எதிரொலி வரவேண்டும். முதலிலேயே எதிரொலித்தால் சத்தம் கூழாகிவிடும். எட்டு ஸ்குரூவையும் கழற்றித் திரும்பப் போட்டேன்.

சோதித்துப் பார்க்க அன்று அவர் கிடார் கொண்டுவரவில்லை. கடையிலிருந்த மைக்கைப் பலகையில் சொருகி, சின்ன ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போனை மாட்டி அவரிடம் நீட்டினேன்.

"சும்மா ஒன், டூ, த்ரீ சொல்லுங்க சார்."

சொன்ன பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று உறைத்தது. அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். எக்கோ பெட்டியைக் கையாலேயே அழுத்தினார்.

"ஒன்..." என்றார். நின்றார். காதில் ஏதோ கேட்டதுபோலக் கண் விரிந்தது. "டூ... த்ரீ... ஃபோர்." பிறகு மெதுவாக, சுமையோடு நடப்பவர் அடி எடுத்து வைப்பதுபோல, "என் பேரு பரமசிவம். சொந்த ஊரு மேட்டூர் பக்கம். கன்வேயர்ல வேலை பாக்கறேன்" என்றார். எங்கேயும் முட்டவில்லை.

சடையப்பன் அண்ணன் டீ கிளாஸை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். பரமசிவம் ஹெட்போனைக் கழற்றினார். "ப... ப... ப..." மாட்டினார். "பரமசிவம்." மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி, தன் பெயரையே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். பாடும்போது அவருக்குத் திக்குவதே இல்லையாம், பேச்சுதான் எதிரி. தன் குரலே கொஞ்சம் பிந்தி வந்து காதில் விழும்போது நாக்கு அவசரத்தை மறந்துவிடுகிறது போலிருக்கிறது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தப் பலகையில் வாரத்துக்கு ஒரு ஸ்குரூ கழன்றது. ஸ்குரூ தலையில் புதிதாகத் திருப்புளிக் கீறல் இருக்கும். நானும் ஒன்றும் தெரியாதவள்போல முறுக்கிக் கொடுப்பேன். கொடுத்துவிட்டால் சோதிக்க வேண்டுமே? ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் பேசுவார், நான் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பதிலாகப் பக்கத்துப் பையன்தான் "உள்ளேன் ஐயா" சொல்வானாம். கன்வேயர் செக்‌ஷனை அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். அந்த இரைச்சலில் எல்லோருமே கையால்தான் பேசுவார்கள், அங்கே அவரும் ஒன்றுதான் மற்றவர்களும் ஒன்றுதான்.

ஒருநாள், "ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். வாக்கியத்தின் மீதி என் நுனி நாக்கில் இருந்தது. அன்றைக்குத்தான் பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சொல்லி முடித்தார். நானும் சரி என்றேன்.

"என் பேர ஒருவாட்டி சொல்லுங்களேன்" என்று கேட்டேன்.

"அத மட்டும் இது இல்லாம ஒருநாள் சொல்றேன்" என்று ஹெட்போனைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டு வீடும் ஒரே சாதியாகப் போனது எங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். தடை வேறு பக்கம் இருந்தது. என் அப்பா தெய்வசிகாமணிக்குக் கம்மாபுரம் பக்கத்தில் ஆறு காணி நிலம் இருந்தது. சுரங்கத்துக்காக எடுத்தார்கள். எல்லாம் சட்டப்படிதான், பணம் வந்தது, வேலை வந்தது, குவார்ட்டர்ஸும் வந்தது. ஆனால் "குடுக்கிறியா தெய்வசிகாமணி" என்று ஒரு மனுஷன் எதிரில் உட்கார்ந்து கேட்கவில்லை, காகிதம்தான் வந்தது என்பது அப்பாவுக்கு ஆறாத புண். அதிலிருந்து அவரிடம் எது வேண்டுமென்றாலும், வேண்டுகிறவர் தானே வந்து கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஏணி கேட்டுப் பிள்ளையை அனுப்பினால்கூடக் கொடுக்கமாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் பரமசிவம் முதலில் தபேலாக்காரரை அனுப்பினார். பிறகு மேட்டூரிலிருந்து அவருடைய பெரியப்பா வந்தார். இருவருக்கும் காபி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார் அப்பா.

"பொண்ணு கேக்கிறவனுக்கு வாய் இல்லியா? ஆள் அனுப்பிகினு இருக்கான், பெரிய ஆபீசரு" என்று அன்று முழுக்கக் கத்தினார். "வளையமாதேவி மாப்ள வூட்டுக்காரங்க நேர்ல வந்து ஒக்காந்து கேட்டாங்க. திங்கக்கிழம அவங்களுக்கு வாக்கு குடுக்கப்போறேன்."

திக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று பரமசிவம் என்னிடமும் தூது போனவர்களிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். "பா... பாவம்னு கு... குடுக்க வேணாம்" என்றார், ஹெட்போன் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா தோட்டத்துப் பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் பலகை, ஹாண்டில்பாரில் கூடை, அதற்குள் மைக், ஹெட்போன், எங்கள் கடையின் சின்ன ஆம்ப்ளிஃபயர். பரமசிவம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அது முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் அப்பாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பலகையைத் தரையில் வைத்து, எக்ஸ்டென்ஷன் ஒயரை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். வாங்கிச் சொருகினேன்.

"என்னா தம்பி, கச்சேரியா?" என்றார் அப்பா.

பரமசிவம் ஹெட்போனை மாட்டினார். மைக்கைப் பிடித்தார். வலது காலால் பெட்டியை அழுத்தினார். "ஐயா, வணக்கம். என் பேரு பரமசிவம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"நிறுத்து" என்றார் அப்பா. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பேச்சு ஒரு மாரி வருதே. பொட்டிக்குள்ள டேப்பு ஓடுதா? எவனோ பேசி வச்சத ஓடவுட்டுட்டு நீ வாய அசைக்கிறியா? என்கிட்டயேவா?"

"அப்பா, அது டேப் இல்ல..."

"நீ சும்மா இரு. குடு அத, நானே பாக்குறேன்."

ஹெட்போனைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். மைக்கை வாங்கினார். யூனியன் கேட் மீட்டிங்கில் மைக் இல்லாமலே கடைசி ஆள்வரை கேட்கும்படி பேசுகிறவர் அவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் தெய்வ... தெய்... வ்வ... சி..." என்றார்.

நின்றார். மறுபடி, "தெ... தெய்வ்வ... சிகா... கா..."

வாசற்படியில் நின்ற அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். நானும் சிரிக்க இருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. தன் குரலே பிந்தி வந்து காதில் விழுந்தால் நன்றாகப் பேசுகிறவருக்கு நாக்கு இப்படிச் சிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மூன்றாவது தடவையும் முயன்றார். சொந்தப் பெயர், அது வரவில்லை.

அப்பா மெதுவாக ஹெட்போனைக் கழற்றினார். நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார். பரமசிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத மாட்டிக்கலன்னா ஒனக்கு இப்பிடித்தான் இருக்குமா தம்பி?"

பரமசிவம் தலையை அசைத்தார்.

"எப்பத்துலேர்ந்து?"

பரமசிவம் கையைத் தன் இடுப்புக்குக் கீழே இறக்கி, ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தைக் காட்டினார்.

அப்பா ஜன்னலுக்கு வந்து, பிளக்கைத் தானே பிடுங்கினார். இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் எதிரில் போட்டார். "ஒக்காரு. இந்த பொட்டியெல்லாம் வேணாம். நீ சொல்லு. எம்மா நேரம் ஆனாலும் ஆவட்டும், நான் எங்கியும் போவல." பிறகு என் பக்கம் திரும்பி, "நடுவுல எவளாவது வாயத் தொறந்தீங்க, தெரியும்" என்றார்.

பரமசிவம் உட்கார்ந்தார். "ஐ... ஐயா..." என்றார். "உ... உ... உங்க பொ..." நின்றுபோனது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். நான் தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டேன். ஷிஃப்ட் பஸ் ஒன்று தெருவைக் கடந்து போனது. உள்ளே பால் பொங்கும் வாசம் வந்தது, அம்மா அசையவில்லை. அப்பா முழங்காலில் கையூன்றி, முன்னால் சாய்ந்து, ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"பொ... பொண்ண... த... த... த..."

பரமசிவம் கண்ணை மூடினார். பலகை இரண்டடி தள்ளிக் கிடந்தது. அவருடைய வலது கால் மட்டும் வெறும் மண்ணை ஒருமுறை அழுத்தியது.

"தனகோடிய... எ... எனக்குக் குடுப்பீங்களா?"

அப்பா துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கேட்டுட்டான் கலியம்மா" என்றார். "வாயத் தொறந்து கேட்டுட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. பரமசிவம் எனக்காகக் காத்திருந்தார்.