நகக்கண்ணில் கருப்பு

ஸ்ரீதர் அப்பாவின் வலது கையை மடியில் வைத்து, சோப்பு நுரை வழிய நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி உடுத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. விரல்களின் கருப்பு மட்டும் போகவில்லை. அவன் அம்மா காவேரி தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தீவின் அபர்டீன் பஜாரில் பெல்ட்டும் பையும் செருப்பும் தைத்த ஜெகநாதனின் கை அது. சாயத்தையும் அவரே செய்வார். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்க விடுவார். அந்தத் தண்ணீர் கருப்பே இல்லை, டீ நிறம்தான். கடுக்காய் ஏற்றிப் பதனிட்ட தோலில் தடவினால், துருவும் துவர்ப்பும் கலந்து கண்ணெதிரே கருக்கும். அந்தத் தோலையே பிடித்துப் பிடித்துத் துவர்ப்பு ஊறிய விரல்களும் கூடவே கருக்கும். சோப்புக்கு அது அசையாது. எலுமிச்சைப் புளிப்புக்குத்தான் விட்டுக்கொடுக்கும்.

காவேரிக்கு அது தெரியும். ஸ்ரீதரின் கல்யாணத்துக்குச் சென்னைக்குக் கப்பலில் போனபோது பழம் பழமாக நறுக்கிக் கொடுத்தவள் அவள்தான். அப்பாவுக்கு மர வியாபாரம் என்று பெண் வீட்டில் சொல்லி வைத்திருந்தான் மகன். தோல் வேலை என்றால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தீவில் யாரும் பெரிதாகக் கேட்காத கேள்வி. மெயின்லேண்டில் அதுதான் முதல் கேள்வி. ஜெகநாதன் டெக்கில் உட்கார்ந்து, வெடிப்புகள் எரிய எரிய, விரல் விரலாகத் தேய்த்தார். கல்யாணமாகி வந்து எல்லாம் தெரிந்துகொண்ட மருமகள் அகிலாவும் தன் வீட்டில் வாய் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு மீனா எட்டிப் பார்த்தாள். "அக்கா, சம்பந்தி வர்ற ஃப்ளைட் லேண்ட் ஆயிடுச்சாம். அகிலா கூட்டிட்டு வர்றா. ஜல்தி முடிங்க."

ஸ்ரீதர் கால் தேய்க்கும் கல்லை எடுத்துத் தேய்த்தான். நகத்தோரம் உரிந்தது. ரத்தம் வரவில்லை.

"எதைப் போட்டாம்மா போகும்? உனக்குத் தெரியும்ல?"

சமையலறைக் கூடையில் எலுமிச்சம்பழம் இருந்தது.

"போகாதுப்பா."

"கல்யாணத்தப்போ சுத்தமா இருந்துச்சே?"

"அப்போ அவரே தேய்ச்சாரு," என்றாள் காவேரி. "உனக்காக."

அவன் கை நின்றது.

வாசலில் டாக்ஸி வந்து நின்று, கதவுகள் திறந்து மூடின. ஸ்ரீதர் எழுந்து போகவில்லை. கல்லைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பாவின் நகக்கண்களில் தங்கியிருந்த ஈரத்தைத் துண்டின் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றிக்கொண்டிருந்தான்.