முறுக்கு சுற்றிய கை

லுக்குட் பசாரில் மத்தியானத்துக்குள் காலியாகிவந்த அதே கைமுறுக்கு, இணையத்தளத்தில் ஏன் ஒரு பாக்கெட்கூட நகரவில்லை என்பது லோகேஸ்வரிக்கு விளங்கவில்லை. பசாரில் ஆட்கள் வருவார்கள், ஒரு துண்டை உடைத்து வாயில் போடுவார்கள், மென்றுகொண்டே மூன்று பாக்கெட் எடுப்பார்கள். தளத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். கூடையில் இரண்டு மூன்று பாக்கெட் போட்டார்கள். பிறகு அவள் முறுக்கு சுற்றும் வீடியோவைப் பார்த்தார்கள். பார்த்ததும் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.

ஓடுவது அவளுக்கு எப்படித் தெரியும்? தளத்தைச் செய்துகொடுத்தவன் அவளுடைய சித்தப்பா மகன் சத்தியசீலன். லோபாக்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். வந்தவர்கள் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைத் தளமே குறித்துக்கொள்ளும் என்று காட்டிக்கொடுத்திருந்தான். ஈரத் தரையில் காலடி பதிவது மாதிரிதான். வீடியோ இருந்த இடம் வரைக்கும் காலடிகள் இருந்தன. அதற்கு அப்பால் தரை சுத்தம்.

இந்தத் தளத்தை நம்பித்தான் அவள் கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். கணவன் தேவன் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு மாறிய பிறகு, புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அவளையும் முறுக்கு டின்களையும் பசாருக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. தீபாவளிக்குள் தளம் ஓடாவிட்டால் திரும்பவும் தொழிற்சாலைதான். குளித்தாலும் போகாத அந்த ரப்பர் வாடையை நினைத்தாலே அவளுக்குக் குமட்டியது.

இப்படி இருக்கும்போதுதான் வீடியோவுக்குக் கீழே ஒரு மலாய்க்காரப் பெண் எழுதினாள்: "கெலிலா, காக்."

அருவருப்பா இருக்குக்கா. அவ்வளவுதான். எது என்று சொல்லவில்லை.

லோகேஸ்வரி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எங்கே அழுக்கு? பாத்திரம் பளபளவென்று இருந்தது. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. முடியை முடிந்து துணி கட்டியிருந்தாள். ஆனாலும் அந்த ஒரு சொல் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. பின்பக்கக் கால்வாயின் நாற்றம் புதிதாக வந்தது போல் மூக்கில் ஏறியது. உத்தரத்தில் பல்லி எச்சம் கண்ணில் பட்டது. எண்ணெய் ஆலைப் புகை ஜன்னல் கம்பியில் பிசுபிசுத்தது. எல்லாவற்றையும் சோடா போட்டுத் தேய்த்தாள். கடைசியில் தன் விரல்களையே முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

சத்தியசீலனைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது நம்பிக்கை பிராப்ளம்லா," என்றான் அவன். "ரிவியூ இல்லாத கடையில யாரு வாங்குவா? கவலைய விடுங்க, போட ஆரம்பிச்சிட்டேன். போட்டோவும் மாத்தியாச்சி. இப்ப பாருங்க, கிளாஸா இருக்கும்."

பார்த்தாள். அவளுடைய அடுப்பங்கரை இருந்த இடத்தில் வெள்ளை ஓடு பதித்த ஏதோ ஒரு சமையலறை. கையுறை போட்ட ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'பரீதா, கெமாஸ்: என் மாமியாரே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முறுக்கு!'

"பரீதா யாருடா?"

"சும்மா ஒரு பேருக்கா."

"சும்மா பேருக்கு மாமியார் வேறயா? அந்த மாமியாரு எந்தப் பல்லால கடிச்சா?"

"எல்லாரும் இப்டித்தான்க்கா செய்றாங்க."

"எல்லாரும் செஞ்சா நாத்தம் போயிடுமா? எடுடா. அந்தப் பொம்பளையையும் எடு. என் மாவுல கை வைக்காதவ எதுக்கு என் கடையில நின்னு பல்லக் காட்டுறா?"

போனை வைத்த பிறகும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. யாரோ தின்றுவிட்டுப் போன எச்சில் இலையில் தன் முறுக்கைப் பரப்பி வைத்தது போல் இருந்தது. கெலி என்றாளே, அவளாவது கண்ணால் பார்த்ததைச் சொன்னாள்.

சாயங்காலம் தேவன் லாரியை விட்டுவிட்டு வந்து முகம் கழுவினான். அவன் கையில் போனைத் திணித்தாள்.

"என்ன அழுக்கு இருக்குன்னு கொஞ்சம் பாருங்க. எனக்குக் கண்ணே அவிஞ்சிபோச்சி."

அவன் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே பார்த்தான். "அழுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆமா, மூக்குத்திய எப்ப மாத்திக் குத்துன?"

"வெயில்ல மூள உருகிப்போச்சா? அது இருந்த எடத்துலதான் இருக்கு."

"உனக்கு வலது மூக்குல இருக்கு. இவளுக்கு இடது மூக்குல இருக்கே. உன் தங்கச்சியா இவ?"

"ஐயே, கண்ணாடியில தெனமும் நான் இப்டித்தானே..."

சொல்ல வந்ததை அவள் முடிக்கவில்லை. போனைப் பிடுங்கினாள்.

வீடியோவில் இருந்தவள் வலது கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மாவைப் பிசைந்தாள். இடது கையால் ஒரு கிள்ளு எடுத்து உப்புப் பார்த்தாள். இடது கை விரல்களால் முறுக்கு சுற்றினாள். கடைசியில் வெந்த முறுக்கு ஒன்றை இடது கையாலேயே நீட்டி, சிரித்து, "ஜெம்புட் மாக்கான், சாப்புடுங்க" என்றாள்.

"அடக் கடவுளே, பீச்சாங்கை!" தேவன் வாய்விட்டுச் சிரித்தான். "கழுவுற கையால ஊருக்கே விருந்து வச்சிருக்கடி!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழனோ மலாய்க்காரனோ, இந்த ஊரில் யார் அந்தக் கையிலிருந்து வாங்கித் தின்பார்கள்? அவளே தின்னமாட்டாள்.

நடந்தது இதுதான். வீடியோ எடுக்கும்போது போனைப் பிடிக்க ஆள் இல்லாததால், அதை மைலோ டின்னில் சாய்த்துவைத்து, தன் முகம் தெரியும் முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தாள். முன்பக்கக் கேமரா கண்ணாடி போல வேலை செய்யும். நாம் வலது கையைத் தூக்கினால் திரையின் வலது பக்கத்திலேயே கை உயரும். தலை வாருவதற்கு அது வசதி. அவளுடைய போன், சேமிக்கும்போது அந்தப் படத்தைத் திருப்பி, மற்றவர்கள் நேரில் பார்ப்பது போல ஆக்கிவிடும். ஆனால் திருப்பாமல் சேமிக்கவும் அதில் ஒரு பொத்தான் உண்டு. பொங்கலுக்குப் படம் எடுத்தபோது, திருப்பிய படத்தில் தன் முகம் கோணலாகத் தெரிகிறது என்று அந்தப் பொத்தானைப் போட்டுவைத்தது அவளேதான்.

கோணல் முகத்தில் இல்லை. நம் முகத்தை நாம் கண்ணாடியில் மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். ஊரார் மறுபக்கமாகப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். ஆகவே அந்த வீடியோ உலகத்திலேயே ஒரே ஒரு ஆளின் கண்ணுக்குத்தான் சரியாகப் பட்டது. அந்த ஆள் லோகேஸ்வரி.

இருந்தாலும் அவள் உறுதி செய்துகொண்டாள். டின்னிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, சுற்றிய வாக்கில் மேல்பக்கம் தெரியப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். எடுத்து வைத்தது கடிகார முள் போகும் திசையில் சுற்றியிருந்தது. படத்தில் இருந்தது எதிர்த்திசையில் சுற்றியிருந்தது.

மறுநாள் காலையில் திரும்ப எடுத்தாள். பின்பக்கக் கேமராவில் தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால், உட்காரும் இடத்தில் முதலில் அரிசி டின்னை வைத்துப் போனைச் சரிபார்த்துவிட்டு, டின்னை நகர்த்தி உட்கார்ந்தாள். தன் பெயரையும் எஸ்டேட்டின் பெயரையும் சொன்னாள். மாவு பிசைந்தாள், சுற்றினாள், வலது கையால் நீட்டினாள். தேவன் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்து, "இப்ப நீதான்," என்றான்.

சத்தியசீலன் அந்தக் 'கெலி'யை அழித்துவிடலாம் என்றான். அவள் விடவில்லை. அதற்குக் கீழேயே மலாயில் எழுதினாள்: 'நீங்கள் சொன்னது சரி. படம் இடம் வலமாகிவிட்டது. புதியதைப் பாருங்கள், இது என் வலது கை.'

மத்தியானம் அந்தப் பெண் ஒரு சிரிப்புப் படம் போட்டாள். கூடையில் மூன்று பாக்கெட் விழுந்தது. வீடியோ ஓடி முடிந்தது. காலடி அதைத் தாண்டி நடந்து, பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போனது.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான்: போனில் 'திரையில் தெரிவது போலவே சேமி' என்ற பொத்தானை அணைத்துவிட வேண்டும், கை தெரிகிற வீடியோவைப் பின்பக்கக் கேமராவில் எடுக்க வேண்டும்.