பதினைந்து ரூபாய்க் கசப்பு

திருவண்ணாமலையில் "மாட்டேன்" என்ற சொல்லின் விலை பதினைந்து ரூபாய். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், கன்னியம்மாள் விற்கும் கசப்பு சோடாவைக் குடித்தவர் வாயில் பொழுது சாயும்வரை "சரிங்க" வராது. பெண் பார்க்க வருகிற நாளில் பெண்கள் வாங்கிப் போவார்கள். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு மண்டிக்கு விற்கப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டே போவார்கள். லாட்ஜ் முதலாளிகள் வேலையாட்களை அந்தப் பக்கம் விடுவதில்லை.

இதன் பூர்வீகம் காய்ச்சல். ரயில் பாதை போட்ட காலத்தில் மலேரியாவுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் கொய்னாப் பட்டையின் கசப்பைச் சர்க்கரை போட்டுச் சோடாவில் கரைத்து, சாயங்காலமானால் சாராயத்தோடு கலந்து குடித்தார்கள். கன்னியம்மாளின் புருஷன் பலராமனுடைய கொள்ளுத்தாத்தா அவர்களுக்குப் பெட்டி தூக்கியவர். காய்ச்சலில் கிடந்தவர் சாராயம் சேர்க்காமல் ஒரு பாட்டில் குடித்தார். காய்ச்சல் இறங்கியது. துரை பெட்டியைத் தூக்கச் சொன்னார். "மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து பக்குவம் அந்த வீட்டில் இருக்கிறது.

கன்னியம்மாள் முப்பது வருஷமாக விற்றாளே தவிர, ஒரு வாய் குடித்ததில்லை. விற்கிற சரக்கைக் குடித்தால் கடை நிற்காது என்பது பலராமன் கட்டளை. அதற்கும் "சரிங்க" என்றிருந்தாள்.

போன ஆனியில் சென்னையிலிருந்து அருணேஷ் என்ற கம்பெனிக்காரன் வந்தான். நட்சத்திர ஓட்டல்களில் ஜின்னோடு கலக்க இந்தக் கசப்பு வேண்டுமாம். பக்குவத்துக்குப் பத்து லட்சம். அதன்பிறகு அவள் ஒரு பாட்டில்கூடப் போடக் கூடாது. மாமியாரிடம் பக்குவம் கற்றவள் அவள் ஒருத்திதான் என்பதால் கையெழுத்தும் அவளுடையதே.

"பேரம் முடியற வரைக்கும் ஒருத்தரும் பாட்டில தொடக்கூடாது, ஆமா," என்றான் மண்டியில் தரகு பார்த்த பலராமன்.

ருசி பார்க்காமல் எவன் வாங்குவான்? அருணேஷ் ஒன்றை உடைத்துக் குடித்தான். "விருந்தாளி தனியா குடிச்சா நல்லா இருக்காதுங்க," என்று கன்னியம்மாளும் ஒன்றை உடைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

நாக்குதானே போயிற்று, விரல் இருக்கிறதே என்று பலராமன் தோள்துண்டை விரித்தான். மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அருணேஷ், கன்னியம்மாள் இருவர் கையும் உள்ளே போயின. கன்னியம்மாளின் கை குழவிக்கல்லாய் மூடிக்கொண்டது. ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

"என்னம்மா, ஜாஸ்தி வேணுமா?"

"கம்மி ஜாஸ்திலாம் இல்ல தம்பி. தரமாட்டேன்."

அந்நேரம் பார்த்து கம்பெனி மேனேஜர் அருணேஷுக்குப் போன் செய்து, இருபது லட்சத்துக்கு ஏற்றிப் பேசச் சொன்னார். "மாட்டேன் சார்," என்றான் அருணேஷ். காரில் ஏறும்போது சிரித்துக்கொண்டிருந்தான். பாட்டிலையும் எடுத்துப் போய்விட்டான்.

"பொழுது சாயட்டும், உன்ன பேசிக்கறேன்," என்றான் பலராமன். பொழுது சாய்ந்து, சோடாவின் வேகம் முழுக்க இறங்கியபின் கையெழுத்தைக் கேட்டான். அதே பதில்தான் வந்தது.

மறுநாள் காலை கடைப் பலகையில் கன்னியம்மாள் எழுதிவைத்தது இன்னும் அழியவில்லை. அருணேஷ்: சோடா ஒன்று, காலி பாட்டில் ஒன்று, பாக்கி. கன்னியம்மாள்: முப்பது வருஷத்துச் "சரிங்க"வுக்கு வரவு, "மாட்டேன்" இரண்டு. மீதி பாக்கி.