ஜுல்ஃபிகர் காக்கா போன கிராமம்

இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து இத்தனை வருடத்தில் ஜுல்ஃபிகர் காக்கா தங்கை நூருன்னிசாவுக்கு அனுப்பிவைத்தது ஒரு விசிடி. அதையும் தரகர் தங்கவேலுதான் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். இங்கே லத்தா பேட்டையில் வாப்பா கட்டிய வீட்டை இடித்துவிட்டு எட்டு மாடி எழுப்பப் போகிறார்கள். நூருன்னிசா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கீழ்த்தளக் கடை காக்காவுக்காம். முட்டிவலிக்காரத் தங்கைக்கு எட்டாவது மாடியாம், லிஃப்டும் கிடையாதாம். என்ன தாராள மனசு!

அதிசயமாக மத்தியானமே கரண்டு வந்திருந்தது. படத்தில் காக்கா தொப்பியும் கோட்டுமாக ஏதோ ஒரு இங்கிலீஷ் கிராமத்தில் உலாத்திக்கொண்டிருந்தார். கூரை வேய்ந்த ஒரு வீட்டைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. ஊருக்கு வெளியே கியாக்தான் பக்கம் போனால் அந்த மாதிரிக் கூரை எத்தனையோ பார்க்கலாம், அங்கே எவனும் நின்று வாய்பிளப்பதில்லை. தேவாலயத்துச் சுவரைத் தடவினார். குட்டை வாசலில் மண்டை இடித்ததைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இங்கே ஒரு ஜன்னலை மாற்றக்கூட அரசாங்கம் விடாது, பழசின் அருமை இவர்களுக்குத்தான் தெரியும் என்று அளந்துகொண்டே போனார். சொந்த வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தே பல வருடமான மனுஷன்.

படம் முடிவதற்குள் தங்கவேலுவின் போனில் காக்காவே வந்துவிட்டார். பார்த்தாயா, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த வீட்டையெல்லாம் இடிக்க விடமாட்டார்களே, நம் வீட்டை மட்டும் ஏன் இடிக்க வேண்டும் என்று நூருன்னிசா கேட்டாள்.

காக்கா சிரித்தார். "அது சரித்திரம் புள்ள. நம்மது வெறும் பழசு."

அந்தச் சிரிப்பில் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அழுகையும் வந்தது, அதை அவருக்குக் காட்டுவானேன் என்று விழுங்கிக்கொண்டாள்.

"உம்மாவும் வாப்பாவும் இங்க படுக்கையில கெடந்தப்பவும் வெறும் பழசாத்தான் கெடந்தாக, காக்கா. நீங்க எட்டிப் பாக்கல. இப்ப நானும் பழசாயிட்டேன். இடிக்கணும்னா, உள்ள ஒருத்தி இருக்கா, வெளிய வரமாட்டாள்னு சொல்லிட்டு இடிக்கச் சொல்லுங்க."

காக்கா தங்கவேலுவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவள் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை.