றொசானாவின் துவக்குக்கு ஒரு சாட்சி

நாற்பத்தெட்டு வயதில் றொசானாவுக்கு மான் வேட்டைக்குப் போகும் ஆசை வந்தது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், ஆனால் ஆசையை விடவில்லை.

கனடாவில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், உறைந்த சாப்பாட்டுச் சாமான் வைக்கிற கிடங்கு ஒன்றில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. அங்கே மேற்பார்வை பார்க்கிற லீன் என்ற கியூபெக்காரி ஒவ்வொரு நவம்பரும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவாள். திரும்பும்போது மான் இறைச்சியும் கதையும் கொண்டுவருவாள். இறைச்சி ஒரு கிழமையில் முடிந்துவிடும், கதை மார்ச் மாதம்வரை ஓடும். இந்த வருடம் அந்த மூவரில் ஒருத்தி முழங்கால் சத்திரசிகிச்சை என்று நின்றுகொள்ள, லீன் றொசானாவைக் கேட்டாள். றொசானா யோசிக்க ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. மன்னாரில் அவள் வளர்ந்த காலத்தில் துவக்கு எப்போதும் வேறு யாருடைய தோளிலோதான் தொங்கியது. அதைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகப் பழகினவள். ஒரு தடவையாவது அது தன் தோளில் தொங்கட்டும், அதுவும் பயமில்லாமல், சிரித்துப் பேசுகிற நாலு பெண்கள் நடுவில் தொங்கட்டும் என்று நினைக்கவே அவளுக்குச் சந்தோசம் பொங்கியது.

ஆனால் கனடாவில் துவக்கு வாங்குவது கத்தரிக்காய் வாங்குகிற காரியமல்ல. பெண் பார்க்க வந்த மாமியாரைப் போலச் சட்டம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கும். பாதுகாப்பு வகுப்பு ஒன்று, வேட்டை வகுப்பு ஒன்று, இரண்டுக்கும் சோதனை. அண்மையில் வேலை போனதா, மனம் உடைந்ததா, யாரோடாவது அடிபிடியா என்று படிவம் விசாரிக்கும். பிறகு கணவனின் கையெழுத்து வேண்டும். அதற்குப் பிறகு, மூன்று வருடத்துக்கு மேலாகத் தெரிந்த இரண்டு பேர் “இந்த ஆளுக்குத் துவக்குக் கொடுப்பதில் ஆபத்தில்லை” என்று கையெழுத்து வைக்கவேண்டும். எல்லாம் சரிவந்து துவக்கு வீட்டுக்கு வந்தாலும் அதைப் பூட்டி வைக்கவேண்டும், மாகாணத்தில் பதியவேண்டும்.

சோதனையில் றொசானா தொண்ணூற்று நாலு எடுத்தாள். அந்த வகுப்பிலேயே கூடின புள்ளி அதுதான். கணவன் றெக்ஸ் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இனிக் கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்ல உரிமை இருக்குமா என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதல் சாட்சி லீன். இரண்டாவது சாட்சியாக றெக்ஸின் இளவயதுச் சிநேகிதரும் தங்கள் மூத்த மகளின் ஞானத்தகப்பனுமான அருமைராசாவைப் பிடித்தார்கள். அவருக்கு பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு டெப்பனர், பாலும் பியரும் லொத்தர் சீட்டும் விற்கிற சின்னக் கடை. நம்மவர்கள் படிவத்தை வாசிக்கிற வழக்கமில்லை, நீட்டுகிற ஆளின் முகத்தைத்தான் வாசிப்பார்கள். றெக்ஸின் முகத்தைப் பார்த்ததும் அருமைராசா பால் பெட்டியின் மேல் வைத்தே கையெழுத்தைப் போட்டுவிட்டார். என்ன படிவம் என்று கேட்கவுமில்லை.

ஒக்டோபர் நடுவில் உரிமம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி அழைத்தாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. இரண்டாவது சாட்சியைத் தொலைபேசியில் விசாரித்தார்களாம். றொசானா என்று ஒருவரைத் தான் வாழ்நாளில் கண்டதில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். கையெழுத்தும் தன்னுடையதில்லையாம். விளக்கம் வரும்வரை விண்ணப்பம் நிற்கும் என்றாள் அதிகாரி. கையெழுத்துப் பொய்யானால் அது வேறு விசாரணை என்றும் சொன்னாள். லீனின் பயணத்துக்கு இன்னும் மூன்றே கிழமை இருந்தது.

றொசானா தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தாள். வேட்டை போனால் போகட்டும், பொய்க் கையெழுத்துக்காரி என்ற பெயர் வந்தால் எந்த முகத்தோடு வேலைக்குப் போவது? வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து நேரே கடைக்குப் போனாள்.

அருமைராசா அவளைக் கண்டதும் கல்லாவை விட்டு வெளியே வந்தார். முகம் முழுக்கப் பெருமை.

“தங்கச்சி, உம்மைக் காப்பாத்திப்போட்டன்,” என்றார் தணிந்த குரலில். “ஆரோ அரசாங்க ஆள் எடுத்து, துவக்கு விசயமா உம்மைத் தெரியுமோ எண்டு கேட்டது. நான் கண்டதேயில்லை எண்டு சொல்லிப்போட்டன். மூண்டு தரம் கேட்டும் அசையேல்லை.”

றொசானா பிஸ்கட் அடுக்கியிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்புத்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். பிறகு விசயத்தைச் சொன்னாள். அருமைராசாவின் முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

அவளுக்கு அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஊரில், சண்டைக் காலத்தில் ஒருநாள், ஆமிக்காரர் அவருடைய வாசலில் நின்று, றெக்ஸ் என்ற பொடியனைத் தெரியுமா, அவனிடம் துவக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படி ஒருவனைக் கண்டதேயில்லை என்று அடித்துச் சொன்னார் அருமைராசா. அப்போது றெக்ஸ் அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் குந்திக்கொண்டிருந்தார். அந்தப் பதில் இல்லையென்றால் றொசானாவுக்குப் புருசனுமில்லை, பிள்ளைகளுமில்லை.

இப்போது அதே ஆள், தெரியும் என்று சொல்லவேண்டும். அவர் தயங்கினார். மாற்றிச் சொன்னால் தன்னைப் பிடிப்பார்கள் என்றார், கடைக்கு ஆள் அனுப்புவார்கள் என்றார்.

“அண்ணை, நீங்கள் சொல்லாட்டி என்னைத்தான் பிடிப்பினம்,” என்றாள் றொசானா.

பால் வாங்க வந்த கிழவரிடம் ஒரு நிமிசம் என்று கைகாட்டிவிட்டு அருமைராசாவே அதிகாரியின் இலக்கத்தை அழுத்தி, றொசானாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்த அதிகாரியே எடுத்தாள். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த தன் கடைப் பாசையில் அவர் தொடங்கினார். றொசானாவைத் தெரியும், முப்பது வருடமாகத் தெரியும். கையெழுத்து தன்னுடையதுதான், வேண்டுமென்றால் இந்த நிமிசமே வந்து போட்டுக்காட்டுகிறேன். பொய் சொன்னது பயத்தில்.

ஏன் பயம் என்று அதிகாரி கேட்டாள். அவர் கோழிக்கூட்டுக் கதையைச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவருக்கு அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கிழவர் பால் போத்தலோடு அசையாமல் நின்றார்.

பிறகு அதிகாரி, தன் வேலைப்படி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாள். இந்தப் பெண்ணிடம் துவக்கு இருந்தால் யாருக்காவது ஆபத்து வருமா?

அருமைராசா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

அவளுக்குச் சட்டென்று கோபம் வரும் என்றார் அவர். ஒருமுறை தன்மேல் அகப்பையால் எறிந்திருக்கிறாள். ஆனால் அடுத்த நாள் காலையில் முதலில் வந்து கதைப்பவளும் அவள்தான். கடையில் ஒரு பெட்டி விழுந்தாலும் ஆருக்கும் பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பார்ப்பாள். சொல்லச் சொல்ல அவர் குரல் திறந்துகொண்டே போனது. அதிகாரி போதும் என்று சொல்லியும் நிற்பாட்டவில்லை.

“அம்மா,” என்றார் கடைசியில், “எங்கட ஊரிலை எத்தனையோ பேர் துவக்கோடை வந்தவங்கள். இவனுக்குக் குடுக்கலாமோ எண்டு ஒருத்தரும் எங்களிட்டைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா, கனபேருக்கு வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன்.”

தமிழில் சொல்லிவிட்டோம் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். பிறகு றொசானாவைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

“இவவுக்குக் குடுங்கோ,” என்றார்.