மூன்றாவது கை

1

இது நானாக விரும்பி ஆரம்பித்த கதை அல்ல. முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒன்றரைப் பக்கம் கேட்டார்கள். அந்த ஆண்டு பாராட்டு விழா என் அக்காள் கணவருக்கு, அதாவது மாமாவுக்கு. உருக்கமாக இருக்கட்டும் என்றார் சங்கத் தலைவி. ராணுவ ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தவர், எல்லோருக்கும் நர்ஸம்மா. நானும் உட்கார்ந்து,

‘தாய்மண்ணுக்காகத் தன் இடது காலை ஈந்த அந்த மாவீரரின் கண்களில்…

என்று தொடங்கினேன். மாமாவின் கண்களில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எரிச்சல். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். தையல் கடைக்கு மேலே உள்ள சங்க அறையில் ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து, கேடயத்தில் என்ன வாசகம் பொறிக்கலாம் என்று கேட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே மூன்று கேடயம் இருக்கிறது, தூசி தட்டியே கை ஓய்ந்துபோகிறது என்றார் மாமா. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

“எனக்கு வண்டி ஓட்டணும்.”

பதினெட்டு வருடம் ராணுவ லாரி ஓட்டியவர். கண்ணிவெடியில் கால் போன பிறகு நான்கு வருடமாக, நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் உண்டு, இல்லாவிட்டால் வீடுதான்.

ராணுவப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த ‘ஸ்பானர்’* அதற்குள் விழா அழைப்பிதழைத் திருப்பிப்போட்டுப் படம் வரைய ஆரம்பித்திருந்தார்.

(* இப்படிப் போடச் சொன்னது அவரேதான். சொந்தப் பெயரைப் போட்டால் தன் வீட்டிலேயே அடையாளம் தெரியாது என்றார்.)

3

சங்கத்துக்கு ஒரு பழைய வேன் உண்டு. ஸ்பானர் அதன் கியர் கம்பியில் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிடி ஒன்றைப் பொருத்தினார். இடது கால் செய்யவேண்டியதை இனி இடது கை செய்யும். ஆறு வாரம், தினமும் காலையில், மாமா வீட்டெதிரே உள்ள மேட்டில் பயிற்சி.

மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதுதான் வம்பு. கிளட்சுக்கு ஒரு கை, ஹேண்ட்பிரேக்குக்கு ஒரு கை, ஸ்டியரிங்குக்கு ஒரு கை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாதான் அந்த மூன்றாவது கை. லைசென்ஸ் தேர்வில் அந்த இருக்கையில் அதிகாரி உட்காருவார்.

(எழுத எழுத எனக்கே கை பரபரக்கிறது. பொறுங்கள்.)

4

அக்காவைப் பற்றி. முதல் பிரதியில் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு விம்முகிறாள். படித்துவிட்டுக் கேட்டாள்: “நான் எப்படா அழுதேன்? அந்த வேன்ல ஏற மாட்டேன்னுதானே சொன்னேன்.”

உண்மைதான். இன்னொரு தடவை ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக்கிடக்க முடியாது, அந்த வண்டியில் தன் கால் படாது என்றாள். பயிற்சி பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆகவே அவளைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாமா என்று…

எடுக்கவில்லை. தேர்வன்று காலை மாமா செயற்கைக் காலை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே அவள் சொன்னாள்:

“ஹேண்ட்பிரேக்கை மறந்துடுங்க. கால் பிரேக்லயே நிக்கட்டும். வண்டி முனகினதும் ஆக்ஸிலேட்டருக்குக் காலை மாத்துங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். ஆறு வாரமும் மாடி ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள்.

5

தேர்வுத் திடல். வேலிக்கு வெளியே சங்கம் மொத்தமும், அக்காவும், நானும். வளைவுகள், பின்னால் எடுப்பது எல்லாம் மாமாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு மேடு. நடுவில் நிறுத்தச் சொன்னார் அதிகாரி. பழக்கதோஷம், மாமாவின் கை ஹேண்ட்பிரேக்குக்குத் தாவியது; கிளட்ச் பிடி நழுவி, வேன் குலுங்கி அணைந்தது.

[மலருக்கான முடிவு, நர்ஸம்மாவின் யோசனை: அதிகாரி நைசாக ஹேண்ட்பிரேக்கை விடுவிக்கிறார். அவர் அப்பாவும் ராணுவமாம். எல்லோர் கண்ணும் கலங்குகிறது. — வேண்டாம். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.]

இன்னும் ஒரு முறை என்று விரலைக் காட்டினார். மாமா பிரேக்கை மிதித்தபடி கிளட்ச் பிடியை மயிரிழை மயிரிழையாக விட்டார். இன்ஜினின் குரல் மாறியது. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். வேலி வரை கேட்டது.

“இப்போ,” என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

கால் மாறியது. வேன் ஒரு சாண்கூடப் பின்வாங்கவில்லை. ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, உச்சியைத் தாண்டியது. அறுபத்திரண்டு வயது ஸ்பானர் ஒற்றைச் செருப்போடு வேலியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தார்.

6

தேறிவிட்டார். அதை மறைத்து உங்களை இழுத்தடிக்க மாட்டேன்.

சங்கம் முழுவதும் வேனுக்குள் அடைந்துகொண்டது. திடல் வாசலில் இடப்பக்கம் திரும்பினால், அன்று விழா நடக்கும் மண்டபம். நாற்காலி நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். வலப்பக்கம் நெடுஞ்சாலை. முன் இருக்கையை நர்ஸம்மா காலியாக விட்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

“எந்தப் பக்கம் போகலாம்?” என்று அவளிடம் கேட்டார் மாமா.

அக்கா சொன்னாள்: “[                              ]”

எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் அதை மலரில் போட்டால் என் முகத்தில் விழிக்க மாட்டாளாம். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம்: பின்னால் எவனோ ஹாரன் அடிக்கிறான், மாமா முதல் கியரைப் போட்டுவிட்டார்.