ஒன்பது நிமிடப் பயணமும் ஒரு கோப்பைத் தேநீரும்

முப்பத்தொரு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு நகரங்களுக்கிடையே ஒன்பது நிமிடங்களில் பறந்து முடிக்கும் விமானம், செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டு வியாழக்கிழமை மதியம் தரையிறங்கியது. வழியில் எங்கும் நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. தூரம்தான் நீண்டுவிட்டது.

காரணம், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த தச்சர். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, பக்கத்து நகரில் தம் அக்காள் கட்டிய புதுவீட்டின் மாடிப்படியைக் கண்டு, விருந்தினர் அனைவர் முன்னிலையிலும், "இது கோணலா இருக்கு, ஒருநாள் விழும்" என்று சொல்லிவிட்டார். அக்காள் அன்றே பேச்சை நிறுத்தினாள். சென்ற வாரம் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: "படி விழுந்துடுச்சு. வா." தச்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, அதைவிட அச்சம் தாங்கவில்லை. ஏனெனில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியம் அவருடைய நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொன்னால் அக்காள் இந்தப் பிறவியில் மீண்டும் பேச மாட்டாள். பேருந்தில் போனால் அதை ஒன்றரை மணி நேரம் அடக்க வேண்டுமே என்றுதான் விமானமேறினார்.

பயணிகளுக்குத் தரும் தேநீர்க் கோப்பைகள் யாவும் திரும்பி வந்த பின்னரே தரையிறங்க வேண்டும் என்பது அந்த விமான நிறுவனத்தின் விதி. ஏனையோர் தேநீரை மருந்துபோல் ஒரே மூச்சில் விழுங்கினர். தச்சரோ மிடற்றுக்கொரு முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். எதைத் தொடங்கினாலும் அது படிக்கட்டில் போய் முடிந்தது. கீழே வரைபடத்தில் இல்லாத ஓர் ஆறு வந்தது. பிறகு இரண்டு குன்றுகள். பிறகு பெயர்ப்பலகை இன்னும் எழுதப்படாத ஒரு ரயில் நிலையம்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று பணிப்பெண் கேட்டாள்.

"அரைக் கோப்பைம்மா."

"நடந்தே போயிருந்தா இந்நேரம் திரும்பியும் வந்திருப்பேன்," என்றார் முன்வரிசைப் பல் மருத்துவர்.

புதன்கிழமைக்குள் படிக்கட்டு விவகாரம் விமானம் முழுவதும் பரவியது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "வாயைத் திறக்கவே திறக்காதீங்க" என்று பல் மருத்துவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒருவருக்கு இப்படியோர் அறிவுரை கூறினார். தேநீர் மட்டும் ஆறவே இல்லை.

வியாழனன்று பணிப்பெண் தச்சரின் அருகில் வந்து அமர்ந்தாள். "அண்ணே, அந்த ஊர்ல வேற தச்சரே இல்லையா?"

"இருக்காங்களே, தெருவுக்கு ரெண்டு பேர்."

"அப்புறம் உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

தச்சர் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தார். விமானத்தின் அடியில் நகரம் வந்து நின்றது.

வாயிலில் அக்காள், கட்டுப் போட்ட காலோடு, ஊன்றுகோலுடன் நின்றாள். தச்சர் உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

"என்னடா, வாயில ஆணி வச்சிருக்கியா? சரி, நானே சொல்லித் தொலைக்கிறேன். நீ அப்பவே சொன்னே."

"லேசாத்தான்க்கா கோணல்," என்று தச்சர் தம் தொழில் வாழ்வின் முதல் பொய்யைச் சொன்னார்.

மறுநாளே தூரம் பழைய முப்பத்தொன்றுக்குச் சுருங்கியது. ஆற்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ள மறந்துவிட்டது. அதன் குறுக்கே பாலம் கட்டினார்கள். படி நேராக எழுந்த கையோடு அக்காள் கடையிலிருந்து ஓர் அலமாரி வாங்கினாள். அது இடப்புறம் சாய்ந்திருக்கிறது. தச்சர் மாதந்தோறும் அவளைப் பார்க்கப் போகிறார். கால அட்டவணையில் இப்போது இவ்வாறு அச்சிட்டிருக்கிறார்கள்: "பயண நேரம் ஒன்பது நிமிடம். தச்சர் ஏறினால் மாற்று உடை கொண்டுவரவும்." பயணிகள் கொண்டுவருகிறார்கள்.